வெண்காரமும் மூளைக் கட்டியும்

பொற்கொல்லர் நகையைப் பற்றவைக்கப் பயன்படுத்தும் வெண்காரத்தை நாம் அறிவோம். கேரம் பலகையில் தூவும் போரிக் தூளையும் அறிவோம். இவ்விரண்டிலும் அடங்கியுள்ள தனிமம் போரான் ஆகும்.

1951ஆம் ஆண்டு, அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில், மூளைப் புற்றுக்கட்டியால் மரணத்தை எதிர்நோக்கியிருந்த சிலரது இரத்தத்தில் இதே வெண்காரத்தின் கரைசல் செலுத்தப்பட்டது. பின்னர் அணு உலையிலிருந்து வந்த நியூட்ரான்கள் அவர்களது தலையில் பாய்ச்சப்பட்டன. ஏன் இந்த விபரீத முயற்சி?

கிளையோபிளாஸ்டோமா என்னும் கொடிய கட்டி மூளைக்குள் வேர்விட்டுப் பரவக்கூடியது. அறுவை மருத்துவரால் அதனை முற்றிலும் அகற்ற இயலாது. கதிர்வீச்சைக் கூட்டினாலோ நல்ல மூளையும் கெடும். இதற்கு ஒரு வழியை 1936இல் கார்டன் லோச்சர் என்ற அறிஞர் எடுத்துரைத்தார். வேகம் குறைந்த நியூட்ரான், போரான்-10 அணுவில் புகுந்தால் அவ்வணு ஹீலியம், லித்தியம் என இரண்டாகப் பிளக்கும். அத்துண்டுகள் பாயும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே போரான் தங்கிய செல் அழியும். அண்டைச் செல் பிழைக்கும்.

சிந்தனை சரியானதே, செயலில்தான் தடை வந்தது. வெண்காரம் கட்டியில் மட்டும் தங்கவில்லை, இரத்தத்திலும் நிறைந்திருந்தது. நியூட்ரான்களும் ஆழத்தை எட்டவில்லை. நோயாளிகள் பிழைக்கவில்லை. 1961இல் அமெரிக்கா அம்முயற்சியைக் கைவிட்டது.

ஆயினும் ஜப்பானிய மருத்துவர் ஹிரோஷி ஹாதனாகா, 1968 முதல் வேறொரு போரான் மருந்தைக் கொண்டு அதனைத் தொடர்ந்தார். மண்டையோட்டைத் திறந்து, நியூட்ரான்களைக் கட்டியின் அருகே செலுத்தினார். 2020இல் ஜப்பான் அரசு இச்சிகிச்சைக்கு அனுமதி வழங்கியது. அணு உலைக்குப் பதிலாகத் துகள் முடுக்கி இயந்திரம் வந்திருந்தது. ஆனால் அவ்வனுமதி தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்கே உரியது. மூளைக் கட்டி அதில் சேரவில்லை.

வாசகச் சகோதர சகோதரிகளே! வீட்டில் ஒருவர் கொடிய நோயில் கிடக்கையில், "புதிய சிகிச்சை" என்ற சொல்லைக் கேட்டதும் நகையை விற்கவும் வீட்டை அடகு வைக்கவும் துணிகிறோம். அதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்: இது நிரூபிக்கப்பட்டதா, சோதனையிலுள்ளதா? எத்தனை பேருக்குச் செய்துள்ளார்கள்? அவர்களது நிலை என்ன? இடையில் விலகிக்கொள்ள உரிமை உண்டா?

சோதனைக்கு உடன்படுவது தவறன்று. 1951இல் படுத்தவர்களின் உடல்கள் கற்பித்த பாடமே பின்வந்தோருக்கு வழிகாட்டியது. ஆனால் முழு விவரத்தையும் நோயாளியே அறிந்து, அவரே இசைய வேண்டும். அவருக்குத் தெரியாமல் உறவினர் மட்டும் கூடி முடிவெடுக்கும் வழக்கத்தை நம் இல்லங்களில் இனியேனும் விட்டொழிப்போம்.