கையும் நாவும்

யுத்தம் மூண்டால் சமாதானவாதியின் கதி யாது? சமாதான காலத்தில் சாந்தியைப் புகழாத ராஜதந்திரி இல்லை. பீரங்கி முழங்கத் தொடங்கியதும் அதே சாந்தியைப் போதிப்பவன் துரோகி என்ற பெயரைப் பெறுகிறான். அரசியல் சட்டங்கள் அவனுக்கு அளிக்கும் பாதுகாப்பு எத்தகையது என்று ஆராய்ந்தால் ஓர் உண்மை புலனாகும். ஆயுதம் எடுக்க மறுக்கும் கையைச் சட்டம் நாளடைவில் மன்னித்துவிடுகிறது. யுத்தம் தவறு என்று பிறருக்கு எடுத்துரைக்கும் நாவை மன்னிக்க அதற்கு மனம் வருவதில்லை.

ஸ்ரீமதி ரோஸிகா ஷ்விம்மர் என்ற ஹங்கேரிய மாது அமெரிக்காவில் பிரஜா உரிமை கோரி விண்ணப்பித்தார். தேசத்தைக் காக்க ஆயுதம் ஏந்துவீரா என்ற வினாவுக்கு, ஏந்த மாட்டேன் என்று ஒளிவுமறைவின்றி விடையளித்தார். அப்போது அவருக்கு வயது 49. அவரே விரும்பினாலும் எந்தப் பட்டாளமும் அவரைச் சேர்த்துக் கொண்டிராது. ஆயினும் 1929-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு அவருக்குப் பிரஜா உரிமையை மறுத்தது. ஒருவர் ஆயுதமேந்த மறுப்பதைவிடப் பிறர் மனத்தைக் கலைப்பது அதிகக் கேடு விளைக்கலாம் என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் அபிப்பிராயம். அவர்கள் அஞ்சியது அம்மாதின் கைக்கு அன்று, நாவுக்கே. இதற்கு மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய ஜஸ்டிஸ் ஹோம்ஸ், உள்நாட்டு யுத்தத்தில் மும்முறை காயமடைந்த போர்வீரர் என்பது கவனிக்கத் தக்கது.

1946-இல் அதே கோர்ட்டு, ஜிரூவார் என்ற கானடா தேசத்தவரின் வழக்கில் தன் பழைய தீர்ப்பை ரத்து செய்தது. ஆயுதமேந்தாமல் படையில் பிற சேவை செய்ய இசைந்தவர் அவர். கைக்கு விடுதலை கிடைத்தது. அதுவும் யுத்தம் முடிந்த பிறகு. ஸ்ரீமதி ஷ்விம்மரோ 1948-இல் எத்தேசத்துப் பிரஜையாகவும் இல்லாமலே காலமானார்.

நம் தேசத்தின் அனுபவமும் இதுவே. 1939 செப்டம்பரில் ஜனப் பிரதிநிதிகளைக் கலவாமலே வைசிராய் இந்தியாவை யுத்தத்தில் இழுத்துவிட்டார். யுத்தத்தை எதிர்த்துப் பேசும் உரிமையைக் காந்தியடிகள் கோரினார். பிரிட்டனில் யுத்த சேவைக்கு மனச்சாட்சி இடந்தராதவன் தன் கொள்கையைப் பகிரங்கமாகக் கூறலாம். ஆனால் போர்வீரரையும் ஆயுதத் தொழிலாளரையும் கலைக்க அவனுக்கும் உரிமையில்லை என்று 1940 செப்டம்பரில் லின்லித்கோ பதிலெழுதினார். அடுத்த மாதமே தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கியது. முதலில் பேசிய வினோபா சிறை சென்றார். பேசிய குற்றத்துக்காக ஜவாஹர்லால் நேருவுக்கு 4 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.

அன்று அந்நிய சர்க்கார். இன்று சுதந்திர பாரதம். நம் அரசியல் சட்டம் என்ன சொல்லுகிறது? 19-வது ஷரத்து பேச்சுரிமையை அளிக்கிறது. ஆனால் யுத்தம் காரணமாக அவசர நிலைப் பிரகடனம் அமுலில் உள்ளவரை அந்த ஷரத்து சர்க்காரின் கையைக் கட்டாது என்கிறது 358-வது ஷரத்து. மனச்சாட்சிச் சுதந்திரம் தரும் 25-வது ஷரத்தை அவ்விதி தொடவில்லை. எண்ணிக்கொண்டிருக்கலாம், வாய் திறக்கத்தான் உரிமையில்லை என்பதே இதன் பொருள்.

எதிரி வாயிலில் நிற்கையில் இது அவசியமன்றோ எனச் சிலர் கேட்கலாம். படையினரைக் கலகம் செய்யத் தூண்டுவோரையும் ராணுவ ரகசியங்களை வெளியிடுவோரையும் தண்டிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதற்கு 358-வது ஷரத்து தேவையில்லை. ராஜ்யத்தின் பாதுகாப்பை முன்னிட்டு நியாயமான வரம்புகளை விதிக்க 19-வது ஷரத்தே இடந்தருகிறது. அவ்வரம்பு நியாயமானதா என்று கோர்ட்டுகள் விசாரிப்பதைத்தான் 358 தடுக்கிறது. நியாயத்தைக் கேட்கக்கூடாது என்று ஒரு சர்க்கார் சொல்லுவானேன்?

இத்தகைய அதிகாரம் கைக்கு வந்தால் எளிதில் போகாது. சீனா போரை நிறுத்தியது 1962 நவம்பரில். அப்போது செய்த பிரகடனம் ரத்தானது 1968 ஜனவரியில்தான். இடையே 1965-இல் பாகிஸ்தானுடன் போர் நடந்தது மெய்யே. போரில்லாத ஆண்டுகளிலும் பிரகடனம் நீடித்தது. பிறகு 1978-ஆம் வருஷத்து 44-வது திருத்தம், ஆறு மாதத்துக்கொருமுறை பார்லிமெண்டின் சம்மதம் வேண்டும் என்று விதித்தது நற்காரியமே. ஆயினும் அது போதாது.

யுத்தம் செய்வது நியாயம் என்று ஒரு தேசம் நம்புமானால், அந்நியாயத்தைத் தன் ஜனங்கள் முன் வாதித்து நிலைநாட்ட அது அஞ்சலாகாது. சமாதானவாதியின் வாதம் பிழையென்றால் பதில் சொல்லி அவனை வெல்லலாம். அவன் வாயைக் கட்டி அடையும் வெற்றி, யுத்தத்தின் நியாயத்தைப் பற்றிய சந்தேகத்தையே வளர்க்கும். 358-வது ஷரத்தைத் திருத்துவதற்குச் சமாதான காலமே தருணம். முரசு முழங்கிய பின் இதைக் கேட்க எவருக்கும் செவியிராது.