விடுதி வரியும் உள்ளூராட்சி உரிமையும்: நல்லூரை முன்வைத்து

ஓர் ஊருக்கு வருவோர் அவ்வூரின் வீதிகளில் நடக்கின்றனர். அவ்வூரின் நீரைப் பருகுகின்றனர். அவர்கள் விட்டுச்செல்லும் குப்பையை அவ்வூரின் தொழிலாளரே அள்ளுகின்றனர். ஆயின், தங்கும் அறைக்கு அவர்கள் செலுத்தும் பணத்தில் அவ்வூருக்குரிய பங்கு யாது? நல்லூரும் அதன் அயலும் இன்று எழுப்பியாக வேண்டிய வினா இதுவே.

நல்லூர்க் கந்தன் பெருவிழா இருபத்தைந்து நாள்கள் நிகழ்வது. 2009இல் போர் முடிந்து ஏ-9 வீதி வழமைக்குத் திரும்பிய பின்னர், தென்னிலங்கையிலிருந்தும் புலம்பெயர் நாடுகளிலிருந்தும் விழாவிற்கு வருவோர் தொகை பெருகிற்று. 2019இல் பலாலி விமான நிலையம் பன்னாட்டுச் சேவைக்குத் திறக்கப்பட்டது. விடுதிகள் எழுந்தன, வீடுகள் விருந்தினர் இல்லங்களாயின. இவ்வறைகளிற் பல இன்று விற்பனையாவது யாழ்ப்பாணத்தில் அன்று. ஆம்ஸ்ரர்டாமைத் தலைமையிடமாகக் கொண்ட புக்கிங், சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஏயர்பிஎன்பி முதலிய இணையவழிக் கம்பனிகளின் திரைகளிலேயே அவை விற்பனையாகின்றன. அத்திரைக்கு ‘நல்லூர்’ ஒரு சொல் மட்டுமே. ஆலயச் சூழல் யாழ்ப்பாண மாநகர சபைக்கு உட்பட்டது. திருநெல்வேலியும் கொக்குவிலும் கோண்டாவிலும் நல்லூர்ப் பிரதேச சபைக்கு உட்பட்டவை. எவ்வறை எச்சபைக்கு வரி செலுத்த வேண்டும் என்ற கவலை விற்பவருக்கு இல்லை.

சட்டம் யாது கூறுகின்றது? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி, சுற்றுலா அதிகார சபையிற் பதிவுபெற்ற விடுதியிடமிருந்து அதன் முந்திய ஆண்டு வருமானத்தில் 1 வீதம் வரை உரிமத் தீர்வையாக அறவிடலாம். பதிவு பெறாத விடுதிக்கோ தீர்வை கட்டடத்தின் ஆண்டுப் பெறுமானத்தைப் பொறுத்தது. அச்சட்டம் வகுத்த உச்ச எல்லை 1,000 ரூபா. உரிமமே பெறாது இணையத்தில் அறை விற்கும் வீடு சோலைவரியை மட்டும் செலுத்திவிட்டு அமைதியாக இருந்துவிடலாம்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டினால் உணரலாம். திருநெல்வேலியில் நான்கு அறைகள் கொண்ட, பதிவுபெறாத விடுதியொன்று ஓர் அறையை நாளொன்றுக்கு 15,000 ரூபாவாக விழாவின் இருபத்தைந்து நாள்களும் விற்பதாகக் கொள்வோர், வரவை 15 இலட்சம் ரூபாவாகக் காண்பர். இணையக் கம்பனி 15 வீதத் தரகு பெறின், அதன் பங்கு 2,25,000 ரூபா. பிரதேச சபையின் உரிமத் தீர்வையோ, அவ்விழா நாள்களுக்கு மட்டுமன்றி, முழு ஆண்டுக்கும் சேர்த்தே 1,000 ரூபாவைத் தாண்டாது. அறையைக் கண்ணாலும் காணாதவன் இலட்சங்களைப் பெறுகின்றான். அவ்வறையின் வாயிலில் குப்பை அள்ளும் சபை ஆயிரத்தோடு நின்றுவிடுகின்றது. இதனை வணிகம் என்று பெயரிட்டு அழைப்பதனால் மட்டும் இது நீதியாகிவிடுமா?

பதிவுபெற்ற விடுதியிடத்தும் சிக்கல் தீர்ந்தபாடில்லை. ‘வருமானம்’ என்பது விருந்தினர் செலுத்திய முழு விலையா, அன்றித் தரகு கழித்து விடுதியின் கைக்கு வந்த தொகையா? இவ்வினா ஐக்கிய அமெரிக்காவில் நகரங்களையும் கம்பனிகளையும் பல்லாண்டுகள் நீதிமன்றங்களில் நிறுத்தியது. அங்குக் கம்பனிகள் விடுதிகளிடம் குறைந்த விலைக்கு அறையைப் பெற்றுக் கூடிய விலைக்கு விற்றன. வரியையோ குறைந்த விலைக்கே கணக்கிட்டன. ஜோர்ஜியா மாநில உயர்நீதிமன்றம் 2009இல், கொலம்பஸ் நகரம் எக்ஸ்பீடியாவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், விருந்தினர் செலுத்தும் விலைக்கே வரி உண்டெனத் தீர்த்தது. ரெக்சாசிலோ நிலைமை வேறு. சான் அந்தோனியோவின் தலைமையில் 173 நகரங்கள் வழக்காடி முதலில் வென்றன. 2017இல் மேன்முறையீட்டில் தோற்றன. 2021இல், கம்பனிகளின் மேன்முறையீட்டுப் பிணைச் செலவான 20 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகையையும் அந்நகரே இறுக்க வேண்டுமென அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வணிகம் ஒன்றே, தீர்ப்புகள் இரண்டு. வேற்றுமைக்குக் காரணம் வரிச் சட்டத்தின் சொற்களே. பழஞ்சட்டத்தின் தெளிவற்ற சொல்லை நம்பியிருக்கும் சபை, வெற்றியையன்றி வழக்குச் செலவையே ஈட்டும் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

கம்பனிகள் கூறும் விடை, தாம் வெறும் தரகர் என்பதாம். விலையைத் திரையில் இடுவோரும், பல வேளைகளிற் பணத்தைப் பெறுவோரும், இரத்துச் செய்தால் எவ்வளவு கழிவதென விதிப்போரும் அவர்களே. தரகைக் கணக்கிடும்போது முழு விலையும் அவர்கள் கண்ணிற்படுகின்றது. வரி என்ற சொல் எழும்போது மட்டும் அறை பிறருடையதாகிவிடுகின்றது.

வரி விதித்தால் வருவோர் குறைவர் என்பது உள்ளூரில் எழும் அச்சம். இவ்வச்சம் ஆதாரமற்றது. புலம்பெயர்ந்தோர் பெருந்தொகையாக வாழும் பாரிசில் 2015 முதல் ஏயர்பிஎன்பி நிறுவனமே விருந்தினரிடம் தங்கல் வரியைப் பெற்று நகருக்குச் செலுத்துகின்றது. ரொறன்ரோ மாநகரம் 2018 முதல் விடுதி அறைகளுக்கு வரி அறவிடுகின்றது. அயலிலுள்ள இந்தியாவிலும், பதிவு எல்லைக்கு உட்படாத சிறு விடுதிகள் இணையவழி விற்கும் அறைகளுக்குப் பொருள்கள் சேவைகள் வரியைச் செலுத்தும் பொறுப்பு 2017 முதல் இணைய நிறுவனத்தின் மீதே சுமத்தப்பட்டுள்ளது. அங்கெல்லாம் செலுத்துவோர், கந்தனைக் காண வந்த இடத்தில் ஒரு வீத வரிக்கு அஞ்சித் திரும்பிச் செல்வர் என எண்ணுதல் அவர்தம் பக்தியையும் பகுத்தறிவையும் ஒருங்கே பழிப்பதாகும்.

ஏற்கெனவே பெறுமதிசேர் வரியும் 1 வீதச் சுற்றுலா அபிவிருத்தித் தீர்வையும் உள்ளனவே என்பர் வேறு சிலர். உண்மை. ஆயின் அவை செல்லும் இடம் கொழும்பு. வெளிநாட்டு இணையச் சேவைகள் மீது பெறுமதிசேர் வரி விதிக்க 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழிவகுத்தது. கடல் கடந்த கம்பனிகளிடம் வரி பெறல் இயலாதென்ற கூற்று இதனாற் பொய்யாகின்றது. மத்திய அரசுக்கு இயலுமெனக் கருதப்படுவது பிரதேச சபைக்கு மட்டும் ஏன் மறுக்கப்படல் வேண்டும்?

இது வெறும் கணக்கு வழக்கும் அன்று. வற்றாத ஆறில்லாத குடாநாடு சுண்ணக்கற் பாறையின் நிலத்தடி நீரை நம்பி வாழ்வது. மலக்குழிகளின் கசிவும் உர மிகுதியும் கிணற்று நீரில் நைத்திரேற்றைப் பெருக்கியுள்ளமை ஆய்வாளர் பலர் காட்டிய உண்மை. நகர் தழுவிய கழிவுநீர்க் குழாய் அமைப்பு இல்லாத நிலத்தில், ஒவ்வொரு விடுதி அறையும் அயற்கிணற்றின்மீது சுமத்தப்படும் ஒரு பாரமே. தாளையடியில் 2024இல் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டமை உதவும். கழிவை அஃது அகற்றாது. அதற்கான செலவை விருந்தினரிடம் பெறாதவிடத்து, கிணற்றடிக் குடும்பமே தன் உடல்நலத்தாற் செலுத்த நேரும்.

எனவே செய்ய வேண்டியவை மூன்று. தீர்வை, பதிவு வேறுபாடின்றி, விருந்தினர் செலுத்தும் முழு விலையின் மீது அமைதல் வேண்டும். அதனை அறவிட்டு, அறை அமைந்துள்ள சபைக்குக் கணக்குடன் செலுத்தும் பொறுப்பு விற்கும் கம்பனிக்குரியதாதல் வேண்டும். ஓரிரு அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு விலக்கு அளித்தல் வேண்டும். பெற்ற பணம் கழிவகற்றலுக்கும் நீர்ப் பாதுகாப்புக்கும் மட்டுமே செலவாகிக் கணக்கு ஆண்டுதோறும் வெளியாகுமாயின், சபைகள் பணத்தை வீணாக்கும் என்ற குறைக்கும் இடமிராது.

பதின்மூன்றாம் திருத்தத்தின்படி உள்ளூராட்சி மன்றங்களுக்கு மேலதிக அதிகாரம் வழங்க மாகாண சபைக்கு இடமுண்டு. ஆயின் வட மாகாண சபை 2018 ஒக்ரோபரில் பதவிக்காலம் முடிந்தபின் தேர்தலைக் காணவில்லை. 2023 மார்ச் முதல் உள்ளூராட்சி மன்றங்களும் மக்கள் பிரதிநிதிகளின்றிக் கிடந்தன. 2025 மே 6ஆம் நாள் தேர்தலின் பின்னர் அவற்றுக்கேனும் உறுப்பினர் உளர். தீர்மானம் நிறைவேற்றவும், சட்டத்திருத்தம் கோரவும், மாகாண சபைத் தேர்தலை வற்புறுத்தவும் அவர்களுக்குத் தடையில்லை. அடுத்த கொடியேற்றத்தின்போதும் திரைகளில் ‘நல்லூர்’ விற்கப்படும். அவ்விற்பனையில் ஊரின் பங்கைக் கேளாதிருப்போர், ஊரின் பெயரால் வாக்குக் கேட்டமைக்கு என்ன விடை கூறுவர்?