பொறுமை வேறு, மௌனம் வேறு

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் திருக்கோயிலில் ஒரு கல்வெட்டு உள்ளது. 11ஆம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்டது. கோயிலைச் சார்ந்து நடந்த ஆதுலர்சாலையைப் பற்றி அது விரிவாகக் கூறுகிறது. பிணியாளர் 15 பேருக்குப் படுக்கை, மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர், பணிவிடை செய்யும் பெண்டிர், ஓராண்டுக்கு இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகள், இரவில் எரியும் விளக்குக்கான செலவு என யாவும் அதில் வரையறுக்கப்பட்டுள்ளன. நோயுற்றவர் வந்தபின் தேடி அலையாமல், வருமுன்பே அனைத்தும் ஆயத்தமாய் இருக்கவேண்டும் என்று அக்காலத்தவர் எண்ணினர்.

இன்று பெரிய மருத்துவமனைகளில் சீட்டு பெற ஒரு வரிசை, மருத்துவரைக் காண ஒரு வரிசை, இரத்தப் பரிசோதனைக்கு ஒன்று, மாத்திரைக்கு ஒன்று எனக் காலைப்பொழுது கழிந்துவிடுகிறது. முதியோர் இதை முகம் சுளிக்காமல் ஏற்கின்றனர். வைகுண்ட ஏகாதசியன்று இரவெல்லாம் நின்று சொர்க்கவாசல் சேவித்தவர்களுக்குக் காத்திருத்தல் புதிதன்று. முன்னால் வந்தவரைத் தாண்டிச் செல்லலாகாது என்னும் நாணமும் அவர்களுக்கு உண்டு.

அந்த நற்குணமே சிலவேளை தீங்காய் முடிகிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் வந்த நேரத்தைக் கொண்டு வரிசை அமைவதில்லை. நோயின் கடுமையைக் கொண்டு சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரித்து, சிவப்பில் உள்ளவரையே முதலில் கவனிக்கின்றனர். நெஞ்சில் அழுத்தம், காரணமற்ற வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகளாகலாம். நீரிழிவு உள்ள முதியோருக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரக்கூடும். வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். இரத்தக் கட்டியால் நேரும் பக்கவாதத்திற்கு அதைக் கரைக்கும் மருந்தைப் பெரும்பாலும் நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். இவற்றை மனத்துள் வைத்துக்கொண்டு, தம் முறை வரட்டும் என்று அமர்ந்திருப்பது பொறுமை ஆகாது. அருகிலுள்ள செவிலியரிடம் உடனே கூறவேண்டும். வீட்டில் இருப்பின் 108-ஐ அழைக்கவேண்டும். இறைவன் சொல்லாமலே அறிவான். மருத்துவர் சொன்னால்தான் அறிவார்.

தவிர்க்கக்கூடிய காத்திருப்பும் உண்டு. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் வீட்டிற்கே வந்து தரப்படுகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்து இதனைப் பெறலாம். மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய நாளில் பழைய சீட்டுகள், உண்ணும் மருந்துகள், குடிநீர், சிறிது உணவு ஆகியவற்றை எடுத்துச் செல்வது நலம். நீரிழிவு உள்ளவர் வெறும் வயிற்றில் நெடுநேரம் இருத்தல் ஆகாது.

சந்நிதியில் முதியோருக்கு வழிவிட்டு நிற்பது நம் மரபு. மருத்துவமனை வரிசையிலும் தளர்ந்தவருக்கு வழிவிடும் இளையோர், அம்மரபையே காக்கின்றனர்.