மறுபதிப்பிலும் யானையை விட்டு இறங்காத பார்ப்பனர்

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3' ஆட்டத்தைப் பள்ளி நாட்களில் எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் விளையாடியிருக்கிறேன். 2005இல் வந்த ஆட்டம் அது. 2007இல் 'ஏஷியன் டைனஸ்டீஸ்' என்ற விரிவாக்கத்தில் இந்தியாவும் சீனாவும் ஜப்பானும் சேர்ந்தன. இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் தொடக்கத்திலேயே யானை மேல் அமர்ந்த ஒருவர் கிடைப்பார். காயம்பட்ட வீரர்களைக் குணப்படுத்துவது அவர் வேலை. அவர் பெயர் 'பிராமின்'. காலனிப் பையன்கள் நாங்கள் நான்கு பேர் ஒரே கணினி முன் முண்டியடித்து, "டேய், ஆளுங்க சாவுறாங்க, ஐயரை அனுப்புடா" என்று கத்துவோம். அதில் என்ன தவறு என்று அன்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

2020 அக்டோபரில் இதே ஆட்டம் 'டெஃபினிட்டிவ் எடிஷன்' என்று புதுப்பிக்கப்பட்டு வந்தது. படங்கள் மட்டும் மெருகேறவில்லை. அமெரிக்கப் பழங்குடிகளைக் காட்டிய விதம் தவறு என்று தயாரிப்பாளர்களே ஒப்புக்கொண்டு, அம்மக்களிடம் ஆலோசனை கேட்டுத் திருத்தினார்கள். பிறர் வைத்த 'இரோகுவா', 'சூ' என்ற பெயர்கள் போய், அவர்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் 'ஹோடினோஷோனி', 'லகோடா' வந்தன. நிலத்தைத் தோண்டித் தங்கம் எடுப்பவர்களாக அவர்களைக் காட்டக் கூடாது என்று சுரங்க வேலையை நீக்கி, பதிலுக்குச் சந்தையைக் கொடுத்தார்கள். நெருப்பைச் சுற்றி ஆடிய இடம் சமூகத் திடலானது. இவை எல்லாம் சரியான திருத்தங்கள். மனதார வரவேற்கிறேன்.

வரவேற்றுவிட்டு இந்தியாவைத் திறந்தேன். பிராமின் அதே யானை மேல் இருந்தார். சண்டை போட ராஜபுத்திரர். மரம் வெட்ட, வயலில் உழைக்கப் பெயரில்லாத கிராமத்தார். மனுவின் அடுக்கு ஒரு தூசுகூடப் படியாமல், உயர்தரத் துல்லியத்தில் இருந்தது.

"வரலாற்றை வரலாறாகத்தானே காட்டியிருக்கிறார்கள்?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. எந்த வரலாறு? ரத்தமும் சீழும் தீட்டு என்று ஒதுங்கியவர்களா போர்க்களத்தில் காயத்துக்குக் கட்டுப் போட்டார்கள்? நம் ஊரில் கட்டி அறுத்ததும், புண்ணுக்கு மருந்து வைத்ததும், பிரசவம் பார்த்ததும் சவரத் தொழிலாளர் சமூகம். அதனால்தான் அவர்களுக்கு மருத்துவர் என்று பெயர். அந்தக் கைகளின் அறிவைப் பிடுங்கி, தொடவே மறுத்தவரிடம் கொடுத்திருக்கிறது இந்த ஆட்டம்.

மாட்டைப் பாருங்கள். மற்ற நாட்டவர் பலர் வளர்க்கும் கால்நடை உணவாகும். இந்தியருக்கு மட்டும் 'புனித வயல்'. பசுவை அங்கே நிறுத்தினால் புள்ளிகள் கூடும். அறுத்து உண்ண முடியாது. மாட்டுக்கறி தின்று வளர்ந்த நான் இந்த இந்தியாவில் எங்கே இருக்கிறேன்? 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித்துகளைக் கட்டிவைத்து அடித்தார்கள். நாடே அந்தக் காணொளியைப் பார்த்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து வந்த புதுப்பதிப்பிலும் புனித வயல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

கதைப் பகுதிக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது 1857. பிராமணர்களும் ராஜபுத்திரர்களும் நிறைந்திருந்த வங்கப் படையின் கலகம். அதே காலகட்டத்துக்குள்தான் 1818 ஜனவரி 1 வருகிறது. கோரேகானில் பேஷ்வா படையை எதிர்த்து நின்றவர்களில் மகர் வீரர்கள் ஏராளம். 1927இல் அந்த நினைவுத் தூணுக்கு அம்பேத்கர் போய் நின்றார். அவருடைய தந்தையும் படையில் சுபேதாராக இருந்தவர். துப்பாக்கி ஏந்திய தலித் இந்த ஆட்டத்துக்கு வரலாறாகத் தெரியவில்லை. யானை மேல் வைத்தியம் பார்க்கும் பார்ப்பனர் தெரிகிறார்.

"வெறும் விளையாட்டு, விடு" என்பது அடுத்த பதில். வெறும் விளையாட்டு என்றால் லகோடா மக்களின் பெயரை ஏன் மாற்றினார்கள்? விளையாட்டு ஒரு மக்களை இழிவுபடுத்த முடியும் என்று தயாரிப்பாளர்களே ஏற்ற பிறகு, சாதிக்கு மட்டும் விலக்கு கிடையாது. அமெரிக்காவுக்குச் சாதி தெரியாது என்றும் சொல்ல முடியாது. அதே 2020இன் ஜூனில் கலிஃபோர்னியா மாநில அரசுத் துறை ஒன்று, பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தின் மேல் சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தது. 2023இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. மைக்ரோசாஃப்ட்டின் தலைமையகம் அந்த நகரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

சிக்கல் அறியாமை மட்டுமல்ல. 'இந்தியப் பண்பாடு' என்றதும் உலகம் கையில் எடுப்பது பார்ப்பனர் எழுதிக் கொடுத்த பிரதியை. நிறம், பாலினம், பழங்குடி என்று பன்மைத்துவம் பேசும் துறை, நம்மை 'இந்தியர்' என்ற ஒற்றைப் பெட்டிக்குள் அடைத்துவிட்டு அந்தப் பெட்டியின் சாவியை நம்மை ஒடுக்கியவரிடமே கொடுக்கிறது.

ஆட்டத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நானும் இன்னும் ஆடுகிறேன். ஆடுகிறவர்கள் என்ற உரிமையில் மதிப்புரைகளிலும் தயாரிப்பாளருக்கு அனுப்பும் கருத்துகளிலும் இதை எழுதுவோம். பழங்குடிகளுக்குச் செய்ததை எங்களுக்கும் செய்யுங்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். குணப்படுத்துபவரின் பெயரை மாற்றுவது கடினமான வேலையும் இல்லை. சரியான சொல் எங்கள் மொழியில் ஏற்கெனவே இருக்கிறது: மருத்துவர்.