காலை நான்கே முக்கால் மணி ‘கடகட’

உட்லண்ட்ஸில் எங்கள் புளோக்கின் பின்னால் உள்ள பலமாடி கார் நிறுத்துமிடத்தில் காலை நான்கே முக்காலுக்குக் காரைக் கிளப்பினால்தான், ஆறு மணிக்கு ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து உங்களுக்கு வணக்கம் சொல்ல முடியும். அந்த நேரத்தில் அங்கே வேறு சத்தமே இருக்காது. அதனால்தான் அது காதில் விழுந்தது. எஞ்சினைக் கிளப்பியதும் ‘கடகட’வென்று இரண்டு விநாடி, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் அமைதி. தகர டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அந்தச் சத்தம்.

“உனக்கு எது கேட்டாலும் சத்தம்தான்,” என்றார் வீட்டுக்காரர். காதை நம்பிப் பிழைப்பவளிடம் சொல்லக்கூடிய பேச்சா அது?

ஜூன் விடுமுறையில் இரண்டு வாரம் தஞ்சாவூர் போய்த் திரும்பினோம். அடுத்த நாள் அதிகாலையில் அந்தக் கடகட ஐந்து விநாடி நீடித்தது. எண்ணெய் விளக்கும் வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் அணைந்தது. முதலில் பார்த்த பட்டறையில் எஞ்சினுக்குள் இருக்கும் டைமிங் செயினை மாற்ற வேண்டும் என்று 1,400 வெள்ளி சொன்னார்கள். காருக்கு ஒன்பது வயதாகப் போகிறது. சிஓஇ முடியப் பதினான்கு மாதம்தான் பாக்கி. புதுப்பிப்பதா, கொடுத்துவிடுவதா என்று வீட்டில் ஏற்கெனவே தினமும் விவாதம் நடக்கிறது. அதில் இந்த 1,400 வெள்ளி எந்தப் பக்கம் விழும் என்று சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது கருத்துக் கேட்க, உட்லண்ட்ஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஓர் அண்ணனிடம் போனேன். தினமும் ஜோகூரிலிருந்து பாலம் தாண்டி வருபவர். பானெட்டைத் திறந்ததும் முதல் வேலையாக எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். அளவு சரியாகவே இருந்தது. “ஆயில் ஃபில்டர் கடைசியா எப்ப மாத்துனீங்க தங்கச்சி?” என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. போன இரண்டு முறையும் “ஆயில் மட்டும் போதும்” என்று சொன்னவள் நான்தான். மிச்சம் பிடித்தது இருபது வெள்ளிகூட இருக்காது.

“ராத்திரி வண்டி இங்கயே நிக்கட்டும். காலையில ஸ்டார்ட் பண்ணாமப் பார்ப்போம்,” என்றார்.

மறுநாள் எஞ்சின் சில்லென்று இருந்தபோதே ஃபில்டரைக் கழற்றி என் முன்னால் தட்டில் கவிழ்த்தார். நல்ல நிலையில் இருந்தால் ஒரு பெரிய டம்ளர் எண்ணெயாவது கொட்டியிருக்க வேண்டுமாம். கால் டம்ளர்கூட வரவில்லை.

ஃபில்டரின் வாய்ப்பக்கத்தில் நடுவே ஒரு பெரிய துளை, சுற்றிலும் சின்னச் சின்னத் துளைகள். சின்னத் துளைகள் வழியாக அழுக்கு எண்ணெய் உள்ளே போகும். தாளில் வடிகட்டப்பட்டு நடுத்துளை வழியாக எஞ்சினுக்குத் திரும்பும். சின்னத் துளைகளுக்கு உள்பக்கமாக ஒரு ரப்பர் வளையம் படிந்திருக்கிறது. அதுதான் ஆன்ட்டி-டிரெயின்பேக் வால்வு. எஞ்சின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் அதைத் தள்ளித் திறக்கும். எஞ்சின் நின்றதும் அது மூடிக்கொண்டு, ஃபில்டரில் நிற்கும் எண்ணெய் பம்பு வழியாகக் கீழே உள்ள தொட்டிக்கு இறங்காமல் பிடித்து வைக்கும். நாம் தூங்கும்போது வேலை பார்க்கும் காவல்காரர் மாதிரி.

அவர் தூங்கிவிட்டால் காலையில் பம்பு முதலில் காலி ஃபில்டரை நிரப்ப வேண்டும். பிறகுதான் மேலே எண்ணெய் போகும். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் கருவி பல எஞ்சின்களில் எண்ணெய் அழுத்தத்தால்தான் இயங்குகிறது. அது வந்து சேரும்வரை செயின் தளர்ந்து ஆடும். என் கடகட அதுதான்.

எல்லாக் காருக்கும் இந்தத் தொல்லை ஒரே அளவில் வருவதில்லை. வாய் மேலே பார்த்தபடி தொங்கும் ஃபில்டரில் எண்ணெய் குடத்துத் தண்ணீர்போல் தானாகவே நிற்கும். என் காரில் அது படுத்திருக்கிறது. சுபாருவின் பல கார்களில் ஃபில்டர் எஞ்சினின் உச்சியில், வாய் கீழே பார்த்தபடி இருக்கும். கழற்றுவதற்கு வசதிதான். ஆனால் வால்வு சரியில்லை என்றால் எண்ணெயைத் தடுக்க வேறொன்றும் இல்லை.

அண்ணன் பழைய ஃபில்டரின் துளை வழியே ஒரு கம்பியை விட்டு ரப்பரை அழுத்திக் காட்டினார். அப்பளம்போல் விறைத்துக் கிடந்தது. கறுப்பு நைட்ரைல் ரப்பர் 100, 120 டிகிரி வரை தாங்கும். ஆனால் அந்தச் சூட்டிலேயே மாதக்கணக்கில் வெந்தால் வளையும் தன்மை போய்விடும். சிலிக்கோன் 200 டிகிரியிலும் மிருதுவாக இருக்கும், விலை கொஞ்சம் கூடுதல். பெரும்பாலும் ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறத்தில் வரும் என்றாலும் நிறத்தை மட்டும் நம்பி வாங்கக்கூடாது, பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஆயில் ஃபில்டர் சோதனைகளுக்கான ஐஎஸ்ஓ 4548 தரநிலையின் 9ஆம் பகுதி இந்த வால்வுக்கென்றே இருக்கிறது. ஒரு ரப்பர் வளையத்துக்கு அவ்வளவு மரியாதை!

புது ஃபில்டரைப் பூட்டுவதற்கு முன் அண்ணன் அதன் நடுத்துளையில் வாய் வைத்துச் சங்கு ஊதுவதுபோல் ஊதினார். வால்வு சரியாகப் படிந்திருந்தால் காற்று சின்னத் துளைகள் வழியாக வெளியே வராது. வரவில்லை. நானும் ஊதிப் பார்த்தேன். கன்னம் உப்பியதுதான் மிச்சம்.

மறுநாள் நான்கே முக்காலுக்குக் கார் முனகாமல் கிளம்பியது. செயினைத் தொடவே இல்லை. ஆனால் இந்த வால்வு மந்திரம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். போன மாதம் கார் ஒரு வாரம் அசையாமல் நின்றது. பிறகு கிளப்பியபோது அரை விநாடி ‘கட’ என்றது. “அது குழாய் இல்ல தங்கச்சி, ரப்பர். கொஞ்சம் கசியத்தான் செய்யும். பேரிங் இடுக்கு வழியாவும் எண்ணெய் இறங்கும்,” என்றார் அண்ணன். இரும்பின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒட்டியிருப்பதால் ஒரு நாள் சத்தத்தில் எஞ்சின் போய்விடாதாம். தினமும் காலையில் கேட்டால்தான் கவனிக்க வேண்டும். புது ஃபில்டர் போட்டும் நிற்காவிட்டால், அப்போது செயினையும் அதன் இறுக்கியையும் பார்க்கலாம். முதலில் சொன்ன பட்டறையில் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. செயின் தேய்ந்தாலும் இதே சத்தம்தான் வரும். விலை குறைந்த சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான்.

சிஓஇ விவாதம் இன்னும் முடியவில்லை. அடுத்த சர்வீஸ் டிசம்பரில். பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன் என்னிடம் காட்டும்படி அண்ணனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.