மழைமானியின் கணக்கு யாருக்கு?



காலை எட்டரை மணிக்கு நாம் பெரட்டு முடிந்து மலை ஏறி, கூடையில் ஒரு பிடி கொழுந்தாவது போட்டிருப்போம். அதே நேரத்தில் பல தோட்டங்களில் ஆபீசுக்கு முன்னால் உள்ள புல்தரையில் ஒருவர் குனிந்து நிற்பார். அங்கே நட்டிருக்கும் செம்புக் குழாயிலிருந்து தண்ணீரை அளவுகோப்பையில் ஊற்றிப் பார்த்து, ஒரு கொப்பியில் எண் ஒன்றை எழுதிக்கொண்டு போவார். அந்தக் குழாய்தான் மழைமானி. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தோட்டங்களில் இந்தக் கணக்கு எழுதப்பட்டு வருகிறது. இந்த நாட்டின் மலைப்பகுதி மழையைப் பற்றி விஞ்ஞானிகள் அறிந்தவற்றில் பெரும் பங்கு தோட்டத்து மழைமானிகள் தந்ததே.

எழுதும் எண் உரம் போடவும் கொழுந்து வரவை மதிப்பிடவும் உதவுகிறது. அந்த மழை விழும் மலைக்குக் கீழே லயத்தில் படுத்திருக்கும் நமக்கு மட்டும் அதை யாரும் சொல்வதில்லை. ஒரு தோட்டத்தில் நாங்கள் போய்க் கேட்டபோது, “அது ஆபீஸ் கணக்கு, உங்களுக்கு எதற்கு?” என்றார்கள். எதற்கு என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்த எண்ணின் பொருளைப் பார்ப்போம். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால், ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர் விழுந்திருக்கிறது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 150 மில்லிமீற்றர் பெய்தால், ஓர் ஏக்கர் மலையில் விழும் தண்ணீர் ஏறத்தாழ ஆறு இலட்சம் லீற்றர். அதாவது அறுநூறு தொன். அதில் ஒரு பகுதி கானில் ஓடிவிடும். மீதி மண்ணுக்குள் இறங்கும். மண்ணின் பாரம் கூடும். மண்துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளரும். பிடி விட்டால் மலை நிற்காது.

இதை வைத்துத்தான் மண்சரிவு எச்சரிக்கைக்குப் பொறுப்பான தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பொதுவான எல்லைகளை வகுத்திருக்கிறது. ஆபத்தான சரிவுகளில் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால், உடனே வெளியேற வேண்டும். இன்னும் அங்குலத்தில் கணக்குச் சொல்லும் பெரியவர்களுக்கு: மூன்று அங்குலம், நான்கு அங்குலம், ஆறு அங்குலம். மஞ்சள், அம்பர், சிவப்பு என்று செய்தியில் சொல்வது இந்த மூன்று படிகளைத்தான். இந்த மூன்று எண்களையும் பிள்ளைகள் வாய்ப்பாடுபோல் மனப்பாடம் செய்ய வேண்டும்.

“மழை என்று சொன்னான், வெயில் அடித்தது. ரேடியோக்காரன் பேச்சை நம்புவதா?” என்று நம்மில் பலர் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். வளிமண்டலவியல் திணைக்களம் குறி பார்த்துச் சொல்வதில்லை. நிலத்தில் உள்ள கருவிகள், வானில் விடும் பலூன்கள், செய்மதிகள் ஆகியவை காற்றின் வேகம், வெப்பம், ஈரம், அமுக்கம் எல்லாவற்றையும் அளந்து தருகின்றன. கணினி வானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்து என்ன நடக்கும் என்று கணக்குப் போடுகிறது. ஒரு கட்டம் பல கிலோமீற்றர் அகலமாக இருக்கலாம். நம் மலைகளிலோ ஒரு முகட்டுக்கு இந்தப் பக்கம் கொட்டும், அந்தப் பக்கம் காயும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வட்டவளையும் கினிகத்தேனையும் நனைந்து கிடக்க, ஊவாப் பக்கம் வறண்ட காற்று அடிப்பதை நாம் அறிவோம். ஐப்பசியில் பின்னேரம் இடியோடு வரும் மழை இன்னும் மோசம். அது எந்தத் தோட்டத்தில் கொட்டும் என்று காலையிலேயே எந்தக் கணினியாலும் துல்லியமாகச் சொல்ல முடியாது.

அதனால்தான் அறிக்கையில் “வாய்ப்பு” என்ற சொல் வருகிறது. எழுபது வீத வாய்ப்பு என்றால், அப்படிப்பட்ட பத்து நாட்களில் ஏழு நாள் மழை பெய்யும், மூன்று நாள் பெய்யாது. பெய்யாத மூன்று நாளை வைத்து அறிக்கை பொய் என்று சொல்லிவிட முடியாது. அறிக்கை மாவட்டத்துக்கு வருகிறது. நம் டிவிசனில் விழுந்த மழையைச் சொல்ல நம் டிவிசனில் உள்ள மழைமானியால்தான் முடியும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாட்கணக்கில் பார்ப்பது வானிலை. முப்பது ஆண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்ப்பது காலநிலை. அது மாறிவருகிறது. காற்று ஒரு பாகை சூடானால், அது ஏறத்தாழ ஏழு வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். தாங்கியதை ஒருநாள் கொட்டும். “எங்கள் காலத்தில் இப்படிக் கொட்டியதில்லை” என்று அப்பாயி சொன்னால், அதைக் கிழவியின் புலம்பல் என்று தள்ளிவிட வேண்டாம்.

அளந்து சொன்னால் மட்டும் உயிர் தப்புமா? 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலரின் உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. பள்ளிக்குப் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகளுக்குத் திரும்பிப் போக வீடு இருக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. விஞ்ஞானம் சொல்லத்தான் செய்தது. போக வேறு இடம்தான் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு பதுளை, நுவரெலியா, கண்டி மலைகள் சரிந்தபோது, அதே பாடத்தை மறுபடியும் படித்தோம்.

ஆகவே நமது கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறோம்.

முதலாவது, தோட்டத்து மழைக்கணக்கைத் தினமும் பெரட்டுக் களத்திலும் ஒவ்வொரு லயத்துக்கும் பொதுவான இடத்திலும் தமிழில் எழுதி வைக்க வேண்டும். கொழுந்தில் ஒட்டிய தண்ணீரை எடை போட்டுக் கழிக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, மலையில் விழுந்த தண்ணீரை அளந்து சொல்லத் தெரியாதா?

இரண்டாவது, காலை எட்டரைக்கு ஒரு தடவை பார்ப்பது போதாது. இரவு பத்து மணிக்குத் தொடங்கிய மழை இரண்டு மணிக்கே சிவப்பு எல்லையைத் தாண்டலாம். அதை எட்டரைக்கு எழுதி என்ன பயன்? கடும் மழை நாட்களில் இரவிலும் மணிக்கொரு தடவை அளக்க, லயத்துப் பிள்ளைகள் இருவருக்குப் பயிற்சி கொடுத்து, அந்த வேலைக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, எச்சரிக்கை நாளில் வெளியேறியவருக்கு முழுப் பேர் போட வேண்டும். ஒருநாள் பேர் போனால் அடுப்பு எரியாது என்ற பயத்தில்தான் நம் தாய்மார் விரிசல் விட்ட சுவருக்குள் பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போகிறார்கள்.

நான்காவது, எல்லாவற்றிலும் பெரியது: ஆபத்தான லயங்களுக்குப் பதிலாகப் பாதுகாப்பான இடத்தில் காணியும் வீடும் உரித்தோடு வேண்டும். ஒவ்வொரு மழைக்கும் பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரிப்பது தீர்வாகாது. அந்த மண்டபத்தில் மறுநாள் பாடம் நடத்த வேண்டிய நாங்கள் இதைச் சொல்கிறோம்.

கோரிக்கை நிறைவேறும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். பக்கம் நேராக, அடி தட்டையாக இருக்கும் ஒரு போத்தலை மேலே வெட்டி, ஒரு அடிமட்டத்தை ஒட்டி, மரமும் கூரையும் மறைக்காத திறந்த இடத்தில் நட்டு வையுங்கள். தண்ணீரின் உயரமே மில்லிமீற்றர் கணக்கு. ஆபீஸ் மழைமானி அளவுக்குத் துல்லியம் வராது. ஆனால் எழுபத்தைந்தையும் நூற்றைம்பதையும் பிரித்துக் காட்டும். எண்ணோடு நிலத்தையும் பாருங்கள். தரையிலும் சுவரிலும் புது விரிசல், சாய்ந்த மரம், திடீரென்று கிளம்பும் ஊற்று, கலங்கிவரும் பீலித் தண்ணீர், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம். வெளியேறிவிட்டு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.

அடுத்த மாதத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு ஒவ்வொரு டிவிசனும் தன் மழைக்கணக்கை ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டுவரட்டும். ஆபீஸ் கொப்பியை நமக்குக் காட்ட மறுத்தால், நம் கொப்பியை அவர்கள் மேசையில் வைத்துப் பேசுவோம்.