ரெஸ்யூமில் 'வேர்டு தெரியும்' என்று எழுதியவர்களே, ஒரு நிமிஷம்!

எல்லார் ரெஸ்யூமிலும் தவறாமல் ஒரு வரி இருக்கும். "கம்ப்யூட்டர் அறிவு: எம்.எஸ். ஆபீஸ், டேலி." என்னுடையதிலும் இருக்கிறது. டேலி தெரியும் என்று சொன்னால் நாலு கேள்வி கேட்டுப் பார்ப்பார்கள். வேர்டு தெரியும் என்று சொன்னால் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் நம்மில் பாதிப் பேர் மாட்டிக்கொள்வோம். நான் கண்டிப்பாக மாட்டியிருப்பேன்.

கதை இதுதான். கடைசி வருட ப்ராஜெக்ட், நாலு பேர் குரூப். ஆளுக்கு ஒன்றிரண்டு அத்தியாயம் அடித்துக்கொண்டு வந்து என் லேப்டாப்பில் ஒன்றாக ஒட்டினோம். ஒருத்தனிடம் பழைய வேர்டு, அதனால் எழுத்து கேலிப்ரி. இன்னொருத்தியிடம் புதுசு, அதில் மைக்ரோசாஃப்ட் 2023-ல் அறிவித்த ஆப்டோஸ். டிபார்ட்மென்ட் கேட்டதோ டைம்ஸ் நியூ ரோமன், 12 பாயின்ட், ஒன்றரை இடைவெளி. ஒவ்வொரு தலைப்பாகத் தேடிப் பிடித்து, போல்டு போட்டு, 14 ஆக்கி, நடுவில் நிறுத்தி... இரண்டு ராத்திரி போயிற்று. பொருளடக்கத்தையும் கையாலேயே அடித்தோம். புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போய்க் கடைசியில் பக்க எண்.

பைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டிய அன்று மேடம், "ரெண்டாவது சாப்டர்ல ஒரு டேபிள் விட்டுப் போச்சே, சேர்த்துடுங்கப்பா" என்றார். சேர்த்தோம். அதற்குப் பின்னால் இருந்த அத்தனை பக்க எண்ணும் நகர்ந்துவிட்டது. ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறோம், கடைக்கார அண்ணன் "தம்பி, எட்டரைக்கு ஷட்டரை இறக்கிடுவேன்" என்கிறார். வைவாவில் எக்ஸ்டர்னல் எங்கள் பொருளடக்கத்தைப் பார்த்து நாலாவது அத்தியாயத்தைத் திருப்பினார். வந்தது மூன்றாவதின் கடைசிப் பக்கம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடிக்கு மேலாக எங்களை ஒரு பார்வை பார்த்தார். அது போதாதா!

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அந்த இரண்டு ராத்திரி வேலையையும் வேர்டே செய்து கொடுத்திருக்கும் என்று தெரிந்தபோது வயிறு எரிந்தது. அந்த வசதிக்குப் பெயர் 'ஸ்டைல்ஸ்'.

நம்ம காமர்ஸ் பாஷையிலேயே சொல்கிறேன். கடைக்கு வாடகை கொடுத்தால் பேரேட்டில் 'வாடகை' என்ற கணக்கில் பதிகிறோம். 'பச்சை மையில் எழுதியதெல்லாம் வாடகை' என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் வைத்துக்கொள்வதில்லை. கணக்கு வாரியாகப் பதிந்திருப்பதால்தான் இருப்பாய்வு எடுக்க முடிகிறது. ஸ்டைலும் அதே மாதிரிதான். ஒரு வரிக்கு 'ஹெட்டிங் 1' என்று கொடுத்தால், இது அத்தியாயத் தலைப்பு என்று வேர்டு புரிந்துகொள்கிறது. வெறுமனே போல்டு போட்டால், தடித்த எழுத்து என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது.

தலைப்புகளை ஹெட்டிங் 1, 2, 3 என்று குறித்துவிட்டு ரெஃபரன்சஸ் டேபில் போய்க் கேட்டால் பொருளடக்கம் தானாக வந்து உட்காரும். பக்கம் நகர்ந்தால் அதன் மேல் கர்சரை வைத்து எஃப்9. தலைப்பு எழுத்தை மாற்ற வேண்டுமா? ஸ்டைலில் ஒரு இடத்தில் மாற்றினால் 40 தலைப்பும் சேர்ந்து மாறும்.

இவ்வளவு நல்ல விஷயம் நமக்கு ஏன் தெரியவில்லை? குற்றம் பாதி நம்முடையது, பாதி வேர்டுடையது என்பது என் கட்சி.

முதலில் நம் பாதி. நம்ம ஊரில் கீபோர்டு பழக்கம் வந்ததே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வழியாகத்தான். லோயர், ஹையர் முடித்த அக்காக்களிடமிருந்து கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்து, அங்கிருந்து நம்மிடம் வந்தது. நடுவில் நிறுத்த ஸ்பேஸ் பாரை எண்ணித் தட்டுவது டைப்ரைட்டரில் சரி. வேர்டிலும் அதையே செய்கிறோம். புதுப் பக்கம் வேண்டுமென்றால் பக்கம் தீரும்வரை என்டர், என்டர், என்டர். உங்கள் ஃபைலைத் திறந்து கண்ட்ரோல் + ஷிஃப்ட் + 8 தட்டிப் பாருங்கள். மறைந்திருக்கும் குறிகள் தெரியும். ஒவ்வொரு ஸ்பேஸுக்கும் ஒரு புள்ளி, ஒவ்வொரு என்டருக்கும் ஒரு பத்திக்குறி. எங்கள் ரிப்போர்ட் எறும்பு மொய்த்த மாதிரி இருந்தது.

இனி வேர்டின் பாதி. ஸ்டைல்ஸ் பெட்டி ஹோம் டேபிலேயே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஹெட்டிங் 1-ஐத் தட்டினால் நீல நிறத்தில் ஏதோ வருகிறது. மேடம் கேட்டது கறுப்பு. பயந்துபோய் கண்ட்ரோல் + இசட் போட்டுவிட்டு மறுபடி போல்டு பக்கம் ஓடிவிடுகிறோம். அந்தப் பெயர் மேல் ரைட் கிளிக் செய்தால் 'மாடிஃபை' என்று ஒன்று இருக்கிறது, அதில் நிறம், எழுத்து, இடைவெளி எல்லாவற்றையும் நமக்கு வேண்டியபடி மாற்றலாம் என்று அந்தத் திரையில் எங்குமே எழுதியிருக்காது.

முழுப் பட்டியலும் வேண்டுமென்றால் இன்னும் சுற்று. பெட்டியின் வலது கீழ் மூலையில் கடுகளவு அம்பு. அதைத் தட்டினால் ஒரு பட்டியல். அதன் அடியில் 'ஆப்ஷன்ஸ்'. அங்கே 'ரெக்கமண்டட்' என்று இருப்பதை 'ஆல் ஸ்டைல்ஸ்' என்று மாற்ற வேண்டும். ஏகப்பட்டது வந்து கொட்டும். பொருளடக்க வரிகளுக்கென்றே டிஓசி 1 முதல் 9 வரை தனி ஸ்டைல்கள் உண்டு. 'பொருளடக்கத்தில் எழுத்தை மாற்றினேன், அப்டேட் செய்ததும் பழையபடி ஆகிவிட்டது' என்று புலம்புகிறவர்கள் மாற்ற வேண்டிய இடம் அதுதான்.

புதிதாக வருகிறவன் முன்னால் அத்தனை ஸ்டைலையும் கொட்டினால் மிரண்டுவிடுவான், அதனால்தான் மறைக்கிறார்கள் என்று சிலர் சொல்லலாம். நியாயம்தான். 'என்வலப் அட்ரஸ்' ஸ்டைல் எனக்கும் தேவையில்லை. ஆனால் மறைப்பதற்கும் ஒரு அளவு வேண்டாமா? ஆபீஸ் 2000-ல், அடிக்கடி பயன்படுத்தாத மெனு வரிகளைத் தானாக மடித்து வைத்துப் பார்த்தார்கள். தேடுகிற வரி கண்ணில் படாமல் போனதுதான் மிச்சம். வேர்டு 2007-ல் அந்த மெனுவே போய் ரிப்பன் வந்தது. அதற்கும் முன்னால், 1980-களில் புகழ்பெற்றிருந்த வேர்ட்பெர்ஃபெக்ட் நேர்மாறாக நடந்துகொண்டது. ஆல்ட் + எஃப்3 தட்டினால், எழுத்துக்குப் பின்னால் இருக்கும் கட்டளைகளை அப்படியே காட்டிவிடும். வேர்டிலும் இதற்குக் கிட்டத்தட்ட ஒன்று உண்டு, ஷிஃப்ட் + எஃப்1. ஆனால் ரிப்பனில் எந்த டேபிலும் அதற்குப் பொத்தான் கிடையாது. யாராவது சொன்னால்தான் உண்டு.

தமிழில் அடிக்கிறவர்களுக்கு இன்னொரு அடுக்கு இருக்கிறது. வேர்டு நம் எழுத்தை 'காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்' என்ற கணக்கில் வைத்திருக்கிறது. அதற்கு எழுத்துரு தனி, அளவும் தனி. ஒரு டாக்எக்ஸ் ஃபைலின் பெயரின் கடைசியை ஜிப் என்று மாற்றித் திறந்து, உள்ளே தீம் ஃபைலைப் பாருங்கள். ஆபீஸின் வழக்கமான தீமில் தமிழுக்கு நேரே 'லதா' என்று எழுதியிருக்கும். விண்டோஸ் 10 முதல் அந்த லதாவே தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டிய எழுத்துரு ஆகிவிட்டது! நாம் தேர்ந்தெடுக்காத ஒன்று நம் ஃபைலுக்குள் நமக்காக முடிவாகியிருக்கிறது, நமக்குத் தெரியவும் தெரியாது.

இதெல்லாம் அழகு சம்பந்தப்பட்ட விஷயம், விடுப்பா என்கிறீர்களா? பார்வையற்ற மாணவர்கள் என்விடிஏ மாதிரி திரை வாசிப்பான் வைத்துப் படிக்கிறார்கள். ஹெட்டிங் ஸ்டைல் கொடுத்த ஃபைலில் அதன் பிரவுஸ் மோடில் 'எச்' விசையைத் தட்டித் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். போல்டு மட்டும் போட்ட ஃபைலில் அவர்களுக்குத் தலைப்பே இல்லை. நாம் கிளாஸ் குரூப்பில் பகிர்கிற நோட்ஸ் எல்லாம் அவர்களுக்குக் கதவில்லாத வீடு. இதைப் படித்த பிறகு, எக்ஸ்டர்னல் பார்த்த பார்வையெல்லாம் எனக்குச் சின்ன விஷயமாகிவிட்டது.

என் கோரிக்கை ரொம்பச் சின்னது. ப்ராஜெக்ட் விதிகளை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள் இல்லையா, 'தலைப்பு 14, உரை 12, ஒன்றரை இடைவெளி' என்று? அதே விதிகளை ஸ்டைலாகப் போட்டு ஒரு டெம்ப்ளேட் ஃபைலாகக் கொடுத்தால் என்ன? ஒரே ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். வருஷா வருஷம் அத்தனை மாணவர்களின் ராத்திரியும் மிஞ்சும். அதோடு கம்ப்யூட்டர் லேபில் ஒரே ஒரு வகுப்பு, ஸ்டைல்ஸுக்கு மட்டும். மெயில் மெர்ஜுக்கு ஒதுக்குகிற நேரத்தில் பாதி இருந்தாலே தாராளம்.

மைக்ரோசாஃப்ட் நாம் சொல்லி மாறப்போவதில்லை. டிபார்ட்மென்ட் மாறலாம். அதுவரை நாமாவது ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்வோம். அடுத்த அசைன்மென்டைத் தொடங்கும்போது போல்டு பொத்தானுக்குக் கை போனால், கண்ட்ரோல் + ஆல்ட் + 1 தட்டுங்கள். ஹெட்டிங் 1 வரும். நீலமாகத்தான் வரும், பயப்படாதீர்கள். ரைட் கிளிக், மாடிஃபை.

பி.கு.: எங்கள் டிபார்ட்மென்ட் விதிப்படி ஒரு டெம்ப்ளேட் செய்து ஜூனியர்களுக்குக் கொடுத்துவிட்டேன். ரெஸ்யூமில் அந்த வரியை எடுக்கவில்லை. இப்போது யாராவது கேள்வி கேட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது.